கம்பளிக்குள் ஒரு கீபோர்ட்

அட்டன் டவுனில் ஒரு கீபோர்ட் வாங்க வேண்டும் என்று வருகிறவர்கள் என் கடையைத் தாண்டிப் போக முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் அவர்கள் கை என் கடைப் பக்கம்தான் நீளும். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அந்த ஐந்தாம் வகுப்பிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை, மீதி நாள் நான் போகவில்லை. இருந்தும் என்ன? இன்றைக்குப் பெரிய பள்ளிக்கூடத்துச் சங்கீத டீச்சர்மார் என் முன்னால் வந்து, "முதலாளி, நீங்களே பார்த்து ஒன்னு எடுத்துக் குடுங்க" என்று நிற்கிறார்கள். ஒரு கட்டையை அழுத்திக் கேட்டால் போதும், அந்தச் சாமான் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதை என் காது சொல்லிவிடும்.

இந்த வித்தையை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்பார்கள். யாரிடமும் இல்லை, நானாகவே கற்றது என்பேன். பத்து வயதிலேயே எங்கள் லயத்துக்கு வந்த முதல் கீபோர்டைத் தெரிவு செய்தவன் நான்தான் என்றும் சேர்த்துச் சொல்வேன். அது பொய்யில்லை. ஆனால் வாயால் சொல்லும்போது ஒரு மாதிரி இருக்கிற கதை, எழுத உட்காரும்போது வேறு மாதிரித் திரும்பிக்கொள்கிறது.

எங்கள் தேயிலைத் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே. லயம் என்றால் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். இடைச்சுவர் கூரை வரைக்கும் போகாது. முதல் காம்பராவில் ஒருவர் தும்மினால் கடைசிக் காம்பராவில் இருந்து "யாருக்குங்க சளி?" என்று குரல் வரும். சண்டை, சமாதானம், குழந்தை அழுகை, குறட்டை எல்லாம் பொதுச்சொத்து.

சத்தம் மட்டுமில்லை. நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி ஒரு சாமான் ஒரு வீட்டில் இருந்தால் அது அந்த வீட்டுச் சாமான் இல்லை. இதற்கு எங்கள் அப்பாவின் பெட்ரோமாக்ஸ் லைட்டே சாட்சி. நான் பிறப்பதற்கு முன்னால் அப்பா ஆசைப்பட்டு வாங்கிய லைட் அது. கல்யாணம் என்றால் அது போகும். சாவு என்றால் போகும். காமன் கூத்து என்றால் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே போய்விடும். அந்த வெளிச்சத்தில்தான் தோட்டத்தில் பாதிப் பேர் தாலி கட்டினார்கள். எங்கள் காம்பராவில் மட்டும் குப்பி லாம்பு புகைந்துகொண்டிருந்தது. லைட் திரும்பி வரும்போது கண்ணாடி கீறியிருக்கும், அல்லது பம்ப் வேலை செய்யாது. கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்கிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அப்பாவும் சொல்ல மாட்டார். "நம்ம லைட்டு இல்லாம ஒரு காரியம் நடக்குதா பாரு" என்று குப்பி லாம்பு வெளிச்சத்தில் மீசையைத் தடவிக்கொள்வார்.

திரும்பி வருகிற லைட்டைத் துடைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, ஆணியில் மாட்டி வைப்பது என் அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணம் அமையாமல் எங்களோடுதான் இருந்தாள். அம்மாவோடு சேர்ந்து மலைக்குப் போய்க் கொழுந்து பறிப்பாள். அந்த ஒரு காம்பராவில் அப்பா, அம்மா, நான், என் இரண்டு தங்கச்சிமார், அத்தை எல்லோரும் இருந்தோம். அத்தைக்கென்று அதில் இருந்தது ஒரு நீலத் தகரப் பெட்டி. அதற்கு ஒரு பூட்டு. சாவியைத் தாலிக்கயிறு மாதிரிக் கழுத்தில் கட்டியிருக்கிறாள் என்று அம்மா கேலி செய்வாள். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். சாவியை மட்டும் கழற்ற மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிளாக்கரய்யா வீட்டுக்கு மா இடிக்கப் போவாள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டில் இருந்து மாமா ஒருவர் ஒரு சின்னக் கீபோர்ட் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்தப் பிள்ளை ஒருநாள் அத்தையை அழைத்து, "நீங்களும் ஒரு தடவ அமுக்கிப் பாருங்க" என்றிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசையில் நிற்கும்போது, அத்தையின் விரல்கள் கூடையின் விளிம்பில் ஓடிக்கொண்டே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அரிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் அத்தைக்குச் சீட்டு விழுந்தது. அம்மா தையல் மெசினைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, அடுப்படியில் இருந்து அத்தை மெதுவாகச் சொன்னாள்.

"நான் ஒரு கீபோர்ட் வாங்கலாம்னு இருக்கேன் அண்ணி."

அம்மா கையில் இருந்த ரொட்டி மாவு அப்படியே நின்றது. "என்னாது?"

"பெட்டரி போட்டு வாசிக்கிறது. கிளாக்கரய்யா வீட்டுல இருக்கே, அந்த மாதிரி."

"ஏன் புள்ள, உனக்குக் கிறுக்கா? ஒரு குண்டுமணித் தங்கம் சேக்கல. இதுல மியூசிக் கேக்குதா உனக்கு?"

"ஆசையா இருக்கு அண்ணி."

"ஆசைக்கா சீட்டுப் போட்டோம்?"

அதற்குள் பக்கத்துக் காம்பராவில் இருந்து ஒரு குரல், "அவ காசு, அவ வாங்கட்டுமே அக்கா" என்றது. மறுபக்கத்துக் காம்பரா, "அதுக்குன்னு?" என்றது. லயமே இரண்டு கட்சியாகப் பிரியப் போகிற நேரத்தில், பேக்டரி வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா ஒரே வார்த்தையில் முடித்து வைத்தார்.

"அட, பயலுக்குத்தானே வாங்குறா. அவனுக்குப் படிப்புதான் ஏறல, பாட்டாச்சும் ஏறட்டுமே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முதுகு தானாகவே நிமிர்ந்தது. அப்படியா சங்கதி! அத்தை எனக்காகத்தான் வாங்குகிறாள். எனக்கு ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை? அம்மாவின் முகம் கூட இளகிவிட்டது. பயலுக்கு என்றால் அது செலவு இல்லை.

அத்தை குனிந்து அடுப்பை ஊதினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் கீபோர்ட் வாசிக்கப் போகிற செய்தி மேட்டு லயம், பள்ளத்து லயம் எல்லாம் பரவியிருந்தது. பரப்பியது வேறு யார்? கூடப் படிக்கிற பயல்களில் யார் யார் தொடலாம், யார் யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று தரம் பிரித்து வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் அட்டனுக்குப் பஸ் ஏறும்போது அவள் கையில் ஒரு கம்பு இருந்தது. கொழுந்து பறிக்கிறபோது செடியின் தலை ஒரே மட்டமாக வருகிறதா என்று மேலே வைத்துப் பார்க்கிற மட்டக்கம்பு. பழைய கம்பு ஒன்றைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

"என்னாத்துக்கு அத்த இது?"

"அளவு பாக்க மருமகனே."

அப்பாவின் தங்கைக்கு நான் மருமகன்தானே. ஆசை வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் தூங்கும்போது என் கை நீளத்தை அளந்து வெட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு கையையும் நீட்டி அந்தக் கம்போடு வைத்துப் பார்த்தேன். ஒத்து வரவில்லை. அத்தை சரியாக அளக்கவில்லை, பாவம் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்தில் அட்டனில் ரேடியோவும் டேப்பும் விற்கிற கடை ஒன்றில்தான் கீபோர்ட் வந்திருந்தது. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோரும் நானா என்று கூப்பிடுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு விதக் கீபோர்ட்கள் அடுக்கியிருந்தன. நான் உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றிலும் பெரியதன் முன்னால் போய் நின்றேன். நானா சிரித்துக்கொண்டே அதை எடுத்து வைத்து ஒரு பட்டனை அழுத்தினார். ஐயோ, அது என்ன சத்தம்! தானாகவே மேளம் அடித்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். நான் பத்து விரலையும் அதன் மேல் வைத்து அழுத்தினேன். கடையே அதிர்ந்தது.

"அத்த, இதுதான்! இதுதான் அத்த!"

"பயலுக்குக் கை நல்லா ஓடுது தங்கச்சி" என்றார் நானா. இன்றைக்கு நான் வாடிக்கையாளர்களின் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிற அதே வார்த்தை. வியாபாரம் என்பது அப்போதும் ஒன்றுதான்.

அத்தை அந்தப் பெரிய கீபோர்டின் பக்கத்தில் கம்பை வைத்தாள். கீபோர்ட் கம்பைத் தாண்டி ஒரு முழம் வெளியே நின்றது. கம்பை எடுத்துக்கொண்டாள்.

"இதவிடச் சத்தம் கம்மியா இருக்குங்களா நானா?"

நானா காதில் கை வைத்தார். "சத்தம் கூடவா?"

"இல்லிங்க. கம்மியா."

"என்ன தங்கச்சி நீ? வாறவங்க எல்லாம் சத்தம் கூடக் கேப்பாங்க. நான் முப்பது வருசமா யாவாரம் பண்றேன், சத்தம் கம்மியா குடுங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. உனக்கு தலைவலியா?"

"அதெல்லாம் இல்லிங்க. சின்னதா, மெல்லக் கேக்குற மாதிரி ஒன்னு இருந்தாப் போதும்."

நானா பெருமூச்சு விட்டு, இரண்டாவதை எடுத்தார், மூன்றாவதை எடுத்தார். அப்போதுதான் அத்தை ஒரு காரியம் செய்தாள். "மருமகனே, நீ வாசிச்சிக்கிட்டே இரு, நான் வெளிய போயி கேட்டுட்டு வாறேன்" என்று படியிறங்கினாள். நான் வாசித்தேன். அத்தை தெருவோரமாகக் காதைச் சாய்த்துக்கொண்டே நடந்தாள். பக்கத்துத் துணிக்கடை, அதற்கடுத்த பேக்கரி, அதையும் தாண்டிப் போய் நின்று தலையை ஆட்டினாள். திரும்பி வந்தாள்.

"இது அங்க வரைக்கும் கேக்குது" என்றாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

கடைசியாக, எல்லாவற்றிலும் சின்னதை நானா எடுத்தார். குழந்தை விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. மடியில் வைத்தால் மடி மறையாது. அதிலும் நாலைந்து விதச் சத்தம் வந்தது. புல்லாங்குழல் மாதிரி ஒன்று, மணி மாதிரி ஒன்று, தவளைக்குச் சளி பிடித்த மாதிரி ஒன்று. அத்தை மறுபடியும் வெளியே போனாள். எனக்கு இந்தச் சனியனை வாங்கிவிடுவாளோ என்று பயம். ஆகவே இதற்கும் சத்தம் இருக்கிறது என்று காட்டினால்தான் என் மானம் மிஞ்சும் என்று, நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டைகளைப் பலமாக அழுத்தினேன். அத்தை துணிக்கடை வாசல் வரைக்கும்தான் போனாள். அங்கேயே நின்றாள். காதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

உள்ளே வந்து கம்பை வைத்தாள். கீபோர்ட் கம்புக்குள் அடங்கியது.

அந்தச் சின்ன வகையில் சிவப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றும் இருந்தன. "எத எடுக்கலாம் மருமகனே, நீயே சொல்லு" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு சிவப்பு என்றேன். தெரிவு செய்தவன் நான்தான் என்று சொன்னேனே, அது இதுதான்.

நானா அதை அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டும்போது, "பெட்டி பத்திரம் தங்கச்சி. ஏதும் பிடிக்காட்டி ஒரு மாசத்துக்குள்ள கொண்டு வா, மாத்தித் தாறேன். பெட்டி இல்லாட்டி எடுக்க மாட்டேன்" என்றார்.

"பெட்டி இல்லாட்டி எடுக்கவே மாட்டீங்களா?"

"எடுக்கவே மாட்டேன்."

"யாரு வந்து கேட்டாலுமா?"

"உங்க தோட்டத்து தொரையே வந்து நின்னாலும் எடுக்க மாட்டேன்."

அன்றைக்குச் சாயந்திரம் வீடு வந்ததும் அத்தை செய்த முதல் வேலை, கீபோர்டை எடுத்துப் பாயில் வைத்துவிட்டு, அந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து அடுப்பில் வைத்துத் தேத்தண்ணிக்கு நீர் காய்ச்சியது. வெளியே மழை, விறகு எல்லாம் ஈரம். நல்ல அட்டை, நன்றாக எரிந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன அவசரம் இந்த அத்தைக்கு என்று மட்டும் தோன்றியது.

கீபோர்ட் நீலப் பெட்டிக்குள் போனது. கச்சிதமாகப் போனது, பெட்டிக்கு அளந்து செய்த மாதிரி. நான் கேட்கும்போதெல்லாம் அத்தை பூட்டைத் திறந்து தருவாள், திருப்பி வாங்கி வைப்பாள். முதல் இரண்டு வாரம் லயத்துச் சனம் முழுக்க வந்து ஆளுக்கொரு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனது. நானும் கோயில் பஜனையில் பாடுகிற பாட்டு ஒன்றைக் குத்துமதிப்பாகப் பிடித்துவிட்டேன்.

பிறகு மாரியம்மன் திருவிழா வந்தது.

தோட்டத் தலைவர் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். எங்கள் பக்கம் தலைவர் என்றால் தொழிற்சங்கத்துக்கும் அவர்தான், கோயிலுக்கும் அவர்தான். அப்பா பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

"நம்ம தோட்டத்துலயே மியூசிக் இருக்கிறப்ப கரகத்துக்கு வெளிய ஆளு எதுக்கு? உங்க பயலயே முன்னுக்கு நடந்து வாசிக்கச் சொல்லுங்க. அப்புறம் அடுத்த மாசம் மேட்டு லயத்துல ஒரு சடங்கு இருக்கு. அதுக்கடுத்து என் மச்சினன் கல்யாணம். பெட்ரோமாக்ஸோட சேத்து அப்படியே அதையும் எடுத்துக்கிறோம்."

"அதுக்கென்னாங்க, தாராளமா!" என்றார் அப்பா. அத்தையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

அம்மாதான் ஓரக்கண்ணால் பார்த்தாள். அத்தை கொழுந்துக் கூடைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். "கொண்டு போகட்டும் அண்ணே. சாமி காரியந்தானே" என்றாள். குரலில் ஒரு கோணலும் இல்லை.

திருவிழா அன்றைக்கு என்னைப் பார்த்திருக்க வேண்டும். தலையில் எண்ணெய் வடிய, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தையின் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கீபோர்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கரகத்துக்கு முன்னால் நின்றேன். பயல்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அத்தை வந்து அந்தச் சேலைத் துண்டின் முடிச்சைச் சரி பார்த்துவிட்டுப் போனாள்.

ஊர்வலம் புறப்பட்டது. எனக்குப் பின்னால் தப்பு அடிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர். தீயில் காய்ச்சிய தப்பு. முதல் அடி விழுந்தபோதே என் நெஞ்செலும்பு ஆடியது. நான் என் பாட்டை ஆரம்பித்தேன். எனக்கே கேட்கவில்லை. சத்தம் கூட்டுகிற பட்டனைக் கடைசி வரைக்கும் தள்ளினேன். கேட்கவில்லை. பத்து விரலாலும் அழுத்தினேன். முழங்கையால் கூட ஒருதரம் அழுத்தினேன்.

பாதையோரம் நின்ற ஒரு கிழவர், "என்னாடா தம்பி, சாமி ஊர்வலத்துல சிலேட்டு வெச்சிப் படிச்சிக்கிட்டு வாற?" என்று கேட்டார். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"படிக்கலிங்க தாத்தா, மாவு பிசையிறான்!" என்றான் ஒரு பயல். பார்க்க மட்டும் செய்யலாம் என்று நான் தரம் பிரித்து வைத்தவன். அதற்காகவே காத்திருந்தான் போல.

ஆற்றங்கரை வரைக்கும் அப்படியே போனேன். பாதியில் நிறுத்துகிற ஆள் நான் இல்லை. ஒரு சத்தமும் வராத பெட்டியை விரல் வலிக்க வலிக்க வாசித்துக்கொண்டு, கண்ணீர் கன்னத்தில் ஓட, நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பக்தியில் அழுகிறான் என்று ஒரு கிழவி எனக்குத் திருநீறு பூசிவிட்டாள்.

திரும்பி வந்ததும் தலைவர் கீபோர்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். காதோரம் வைத்து ஒரு கட்டையை அழுத்தினார். உதட்டைப் பிதுக்கினார்.

"சரியா ஏமாத்திப்புட்டான்யா கடக்காரன். பொம்பளப் புள்ள தனியாப் போனா இப்படித்தான். இத வெச்சிச் சடங்கு வீட்டுல என்னா பண்ண? வேணாம், நீங்களே வெச்சிக்கிடுங்க."

லயம் முழுவதும் அத்தைக்காகப் பரிதாபப்பட்டது. சீட்டுப் பணம் போச்சே என்று சுவருக்கு மேலால் உச்சுக் கொட்டினார்கள். அத்தையும், "ஆமாக்கா, ஏமாந்துட்டேன் போல" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

அப்பாவுக்குத்தான் அவமானம் தாங்கவில்லை. அதைவிட எனக்கு. "அத மாத்தி அந்தப் பெரிசா வாங்கிக் குடுங்கப்பா" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த மேளச் சத்தத்தை, தெருவில் போனவர்கள் நின்று பார்த்ததை எல்லாம் சொன்னேன். அப்பாவின் கண்ணில் பெட்ரோமாக்ஸ் எரிய ஆரம்பித்தது.

"நாளைக்கே லீவு போட்டு அட்டனுக்குப் போறேன். என் தங்கச்சிய ஏமாத்திட்டு அவன் கட நடத்திருவானா? மேல எவ்வளவு கேட்டாலும் நான் போடுறேன். பெரிசாவே எடுத்துட்டு வாறேன். அப்புறம் அந்தத் தலைவரு வந்து கேக்கட்டும்."

கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. அந்தத் திருவிழா முழுவதும் அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தது அந்த ஒரு தரம்தான். தலைவர் கேட்டபோது கூட இல்லை.

"பெட்டி இல்லியே அண்ணே" என்றாள்.

"எந்தப் பெட்டி?"

"அது வந்த அட்டப்பெட்டி. அது இல்லாட்டி திருப்பி எடுக்க மாட்டேன்னு நானா சொல்லிட்டாரு. மழ நாள்ல வெறகு பத்தலன்னு அன்னைக்கே அடுப்புல வெச்சிட்டேன். மருமகனக் கேளுங்க, அவனும் பக்கத்துலதான் நின்னான்."

அப்பா என்னைப் பார்த்தார். நானும் ஆமாம், தொரையே வந்து நின்றாலும் எடுக்க மாட்டார் என்று விக்கி விக்கிச் சொன்னேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "பொம்பள புத்தி! ஒரு பெட்டியப் பத்திரமா வெக்கத் தெரியல!"

"தெரியலதான் அண்ணே" என்றாள் அத்தை.

அதோடு அந்தக் கீபோர்டை யாரும் கேட்கவில்லை. சடங்குக்கும் கேட்கவில்லை, கல்யாணத்துக்கும் கேட்கவில்லை. பெட்ரோமாக்ஸ் தன் பாட்டுக்குப் போய்ப் போய் வந்தது. நானும் அந்தச் சிவப்புச் சாமானைத் தொடுவதில்லை என்று சபதம் போட்டுவிட்டு, பழைய டின்களைக் கவிழ்த்துப் போட்டுத் தப்பு அடிக்கப் பழகினேன்.

அத்தை மட்டும் வாசித்தாள். மலையில் இருந்து வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்து, அம்மா ரொட்டி சுடுகிற நேரத்தில் பின்வாசல் படியில் போய் உட்காருவாள். குளிருக்குப் போர்த்துகிற கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு யாரோ காய்ச்சல்காரி கம்பளிக்குள் சுருண்டு இருக்கிற மாதிரிதான் தெரியும். கிட்டப் போனால் உள்ளே இருந்து ஏதோ சின்னப் பூச்சி பாடுகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு அடி தள்ளி நின்றால் அதுவும் இல்லை.

ஒருநாள் நான் பக்கத்தில் போய் நின்றேன். கம்பளி கொஞ்சம் விலகியது.

"உள்ள வாறியா?"

போனேன். அத்தை கம்பளியை என் தலைக்கும் சேர்த்து இழுத்து மூடினாள். உள்ளே இருட்டு, கொழுந்துக் கறை மணம், சோப்பு மணம், ஈரக் கம்பளி மணம். அத்தை ஒரு கட்டையை அழுத்தினாள். நான் திடுக்கிட்டேன். கம்பளிக்குள் அது பெரிய சத்தமாக இருந்தது. ஆற்றங்கரை வரைக்கும் என் கழுத்தில் ஊமையாகத் தொங்கி வந்த சாமான் இதுதானா என்று இருந்தது. மணி மாதிரிச் சத்தத்தில் என்னவோ வாசித்தாள். எனக்குத் தெரிந்த பாட்டு எதுவும் இல்லை. ஒரு விரல் போகும், நிற்கும், யோசிக்கும், திரும்பி வரும். அத்தை மூச்சு விடுகிறது கூட அந்தப் பாட்டில் இருந்தது.

"இது என்னா பாட்டு அத்த?"

"பாட்டெல்லாம் இல்ல. சும்மா."

"யாருக்கும் கேக்காதே அத்த. வெளிய ஒன்னுமே வராது."

"ம்."

அவளுக்குக் கவலையாக இருக்கும் என்று நினைத்தேன். ஏமாந்துவிட்டு, வெளியே சொல்ல முடியாமல், இருட்டுக்குள் உட்கார்ந்து தனக்குத் தானே வாசித்துக்கொள்கிறாளே என்று என் நெஞ்சு கரைந்தது. "நான் பெரிய ஆளானதும் உனக்குப் பெரிய கீபோர்ட் வாங்கித் தாறேன் அத்த. மேளத்தோட. இந்த மலைக்கே கேக்கும்" என்று அந்தக் கம்பளிக்குள் வைத்துச் சத்தியம் செய்தேன்.

அத்தை என் தலையைத் தடவினாள். "செஞ்சாலும் செய்வ மருமகனே" என்றாள்.

செய்தேன். சொன்ன சொல் தவறுகிற ஆள் நான் இல்லை. டவுனுக்கு வந்து, கடை கூட்டி, ரேடியோ கழற்றிப் பூட்டி, சொந்தமாகக் கடை போட்டு, அதில் கையில் தங்கிய முதல் லாபத்தில், கடைக்கு வந்ததிலேயே பெரிய கீபோர்டை, ஸ்டாண்ட், ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து, வேனில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். அப்போது லயத்துக்குக் கரண்டும் வந்திருந்தது. அதை ஸ்டாண்டில் பூட்டி மேளத்தைத் தட்டிவிட்டதும் மேட்டு லயத்தில் இருந்தெல்லாம் சனம் ஓடி வந்தது.

"எப்படி அத்த இருக்கு?"

அத்தை அதைச் சுற்றி வந்து பார்த்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. "ரொம்ப நல்லாருக்கு மருமகனே. அந்த மலை வரைக்கும் கேக்கும்" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. அத்தை வாசலில் நின்று, "பாத்துப் புடிங்க, சுவத்துல முட்டப் போவுது" என்று வழி காட்டி அனுப்பினாள் என்று அம்மா சொன்னாள். இன்றைக்கும் அது கோயிலில்தான் இருக்கிறது. என் பெயரை வெள்ளைப் பெயின்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் எந்தக் காரியம் என்றாலும் என் கீபோர்ட் இல்லாமல் நடக்காது. அதைச் சொல்லி நான் மீசையைத் தடவாத நாள் இல்லை.

அந்தச் சிவப்புச் சாமான் நீலப் பெட்டியில் இருக்கிறது. பெட்டரி மட்டும் மாதத்துக்கு ஒருமுறை நான் அனுப்பி வைக்கிறேன். அத்தை வேறு எதுவும் என்னிடம் கேட்பதில்லை.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் ஒன்று உண்டு: இந்த மாதிரிச் சின்னச் சாமான்களில் கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் சத்தம் ஒன்றுதான், விரலை வீணாக நோகடிக்காதீர்கள் என்பேன். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. துணிக்கடை வாசலில் ஒன்றும் கேட்காத இடத்தில் நின்று அத்தை சிரித்தாள். நான் இன்னும் பலமாக அழுத்தினேன்.